கயிறு பிடித்த கைக்குப் பங்கு: புதிய விமானியின் ஜெட் பயிற்சிச் செலவு பற்றி ஒரு சிற்றாய்வு

வணிக விமானி உரிமத்தைப் புதிதாகப் பெற்ற ஒருவர், ஜெட் விமானம் ஓட்டப் பழகும் செலவைத் தாமே ஏற்க வேண்டுமா, அவரைப் பணிக்கு எடுக்கும் நிறுவனம் ஏற்க வேண்டுமா என்பதே இங்கே ஆராயப்படும் பொருள். நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது என் முடிபு. விமானத்துறையில் நடக்கும் விவாதங்களைவிட, புத்தளம் மாவட்டக் கரையில் கடற்றொழில் செய்வோர் ஒரு புதியவனை எப்படித் தொழிலுக்குள் எடுக்கிறார்கள் என்பதே இந்த முடிபுக்கு எனக்கு வலுவான ஆதாரம். ஆகவே கரையிலிருந்தே பேசுகிறேன்.

இந்தக் கரைக்கும் ஜெட் விமானத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மகா ஓயாவைத் தாண்டி வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என்று வடக்கே நீளும் இந்தக் கரையின் தெற்கு எல்லையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் அதிக தூரமில்லை. வென்னப்புவப் பக்கத்துக் குடும்பங்கள் இத்தாலிக்குப் போவதும், புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதும் அந்த நிலையத்தின் வழியாகத்தான். விமானத்தின் முன்னறையில் வலது பக்க இருக்கையில் இருக்கும் துணை விமானி யாரிடம் பழகினார், யார் காசில் பழகினார் என்பது பின்னால் இருக்கும் இவர்களுடைய உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

விமானியின் கல்வி மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலாவது, உரிமம். இரத்மலானையில் உள்ளவை போன்ற பறத்தல் பள்ளிகளில் செஸ்னா ரகச் சிறு விமானங்களில் தொடங்கி, ஏறத்தாழ 200 மணி நேரம் பறந்து, இரட்டை இயந்திர விமானத்துக்கும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கும் தகுதி பெற்று முடிப்பது இது. பழகிய செஸ்னா 172 விமானத்தின் எடை ஒரு தொன்னுக்குச் சற்றே மேல். அடுத்து ஓட்ட வேண்டிய எயார்பஸ் ஏ320 விமானம், பயணிகளும் எரிபொருளும் ஏறிய நிலையில் 70 தொன்னைத் தாண்டும். தரையிறங்க வரும்போதே மணிக்கு 250 கிலோமீற்றர் அளவில் வரும். கையில் உரிமம் இருந்தாலும் அந்த விமானத்தைத் தொட சட்டம் அவரை அனுமதிப்பதில்லை.

இரண்டாவது கட்டம் அந்த அனுமதிக்கானது. டைப் ரேட்டிங் என்று துறையில் சொல்வார்கள். ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். முதல் சில வாரங்கள் மின்சாரம், நீரியல் அமுக்கம், எரிபொருள், தானியங்கிப் பறத்தல் முறை என்று வகுப்பறைப் படிப்பு. பிறகு சிமியுலேட்டர். விமான அறையை அப்படியே பிரதி செய்து, அசையும் கால்களின் மேல் நிறுத்திய அந்த இயந்திரத்துக்குள் இரண்டு பயிலுநர்கள் மாறி மாறி உட்கார்வார்கள். ஒவ்வொரு அமர்வும் சுமார் நான்கு மணி நேரம். ஓடுபாதையில் எழும்பும் கணத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோகும். 37,000 அடியில் அறையின் காற்றமுக்கம் குறையும். தரையிறங்கும் நேரத்தில் காற்று திடீரெனத் திசை மாறும். நிஜத்தில் பழகிப் பார்க்க முடியாதவற்றை இங்கே திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். ஒரு பரீட்சகர் தேர்வு நடத்திய பின், பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில், வழக்கமாக ஆறு முறை, ஏறி இறங்கிக் காட்ட வேண்டும்.

மூன்றாவது கட்டத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு அதிகம் தெரியாது. டைப் ரேட்டிங் முடித்தவர், பயிற்சியளிக்கும் கப்டனின் பக்கத்தில் அமர்ந்து, பயணிகள் நிறைந்த வழக்கமான சேவைகளில் பல பத்துப் பயணங்கள் பறந்த பிறகே முழுத் தகுதியுள்ள துணை விமானியாக ஏற்கப்படுகிறார். இந்தக் கட்டத்தில் அவர் பயிலுநர், அதே வேளையில் தொழிலாளியும்கூட. அந்த விமானம் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாவிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. என் வாதத்தின் முக்கால் பங்கு இந்த இடத்தில்தான் நிற்கிறது.

செலவைப் பார்ப்போம். ஐரோப்பியப் பயிற்சி நிலையங்களில் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு ஏறத்தாழ 20,000 முதல் 30,000 யூரோ வரை ஆகும். இடைப்பட்ட தொகையை எடுத்து, ஒரு யூரோ 330 ரூபா என்று வைத்தால் 80 இலட்சம் ரூபாவைத் தாண்டுகிறது. உரிமத்துக்கு ஏற்கெனவே கரைந்த பெருந்தொகைக்கு மேல் இது. வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டியது என்பதால் நாட்டின் நிலையும் விமானியின் தலையில் இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த இரண்டு மாத இடைவெளியில் கட்டணம் கட்ட வேண்டியிருந்த ஒரு குடும்பத்துக்கு, பிள்ளை எந்தத் தவறும் செய்யாமலே, செலவு ஒன்றே முக்கால் மடங்காகியிருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய இந்தத் தகுதி வைத்திருக்க வைத்திருக்கத் தேய்கிறது. ஐரோப்பிய விதிப்படி டைப் ரேட்டிங் ஓராண்டுக்கே செல்லும். மீண்டும் பறத்தல் தேர்வில் தேறித்தான் புதுப்பிக்க வேண்டும். பயணிகளோடு பறக்க வேண்டுமானால் முந்திய 90 நாட்களுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். விமானமும் சிமியுலேட்டரும் இல்லாத ஒருவர் இதை எப்படிக் காப்பாற்றுவார்? 2020இல் கொரோனா விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது, கடன் வாங்கித் தகுதி பெற்று வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் உலகெங்கும் சந்தித்த நிலை இதுதான். தகுதி காலாவதியாயிற்று. கடனுக்குக் காலாவதி இல்லை.

கல்விக்குக் காசு வாங்குவதே இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. நம் மரபும் அப்படிச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், யாருக்கு நூல் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆறு பேரை வகுக்கிறது: ஆசிரியரின் மகன், அவருடைய ஆசிரியரின் மகன், அரசனின் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், பணிந்து வழிபடுபவன், சொன்னதை ஏற்றுக்கொள்ளும் ஆற்றலுள்ளவன். பொருள் கொடுப்பவனுக்கு அந்த வரிசையில் மதிப்பான இடம் இருக்கிறது. அதே வேளையில் அவனுக்கு இருப்பது ஆறில் ஓர் இடம்தான். காசில்லாமல் அறிவோடு மட்டும் வருபவனுக்கும் பவணந்தியார் கதவு திறந்து வைத்தார். புதிய விமானியே ஜெட் பயிற்சிக்குக் கட்ட வேண்டும் என்ற விதி, அந்த ஆறில் ஐந்து பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. திரும்பிப் போனவர்களில் சொன்னதை நன்றாக ஏற்றுக்கொள்ளக்கூடியவன் இருந்தானா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

புத்தளத்தில் விமானிகள் பழகிய காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை இங்கே ஒரு விமானத்தளத்தை நடத்தியது, எச்.எம்.எஸ். ராஜாலிய என்பது அதன் பெயர். விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கரைக்கு இறக்கப்பட்ட படையணிகள் அங்கே பயிற்சி எடுத்தன. அவை ஓட்டிய விமானங்களில் அமெரிக்கத் தயாரிப்பான கோர்செயர் போர் விமானமும் ஒன்று. அதன் நீண்ட மூக்கு விமானியின் முன்பார்வையை மறைக்கும். கப்பல் தளத்தில் இறக்குவதற்கு மிகக் கடினமானது என்று பெயரெடுத்தது. சேற்றில் புதைந்த கோர்செயர்களை யானைகள் இழுத்துச் செல்லும் போர்க்காலப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த இளைஞர்கள் ஒவ்வொருவருக்கும் ஆன செலவு சிறியதல்ல. எரிபொருள், இயந்திரம், உடைந்த விமானங்கள், பயிற்சியிலேயே போன உயிர்கள் என்று அது விரியும். புதிய விமான வகையைப் பழகியதற்கான பற்றுச்சீட்டை எந்த விமானியிடமும் அரசு நீட்டவில்லை. விமானம் அரசுடையது, அது நிறைவேற்றும் காரியமும் அரசுடையது. ஆகவே அதை ஓட்டக் கற்பிப்பதும் அரசின் கடமை என்பதில் அன்று யாருக்கும் ஐயம் எழவில்லை. போர்க்காலம் வேறு, வணிகம் வேறு என்று சொல்லலாம். ஆனால் கருவியின் உடைமையாளரே அந்தக் கருவியைக் கையாளக் கற்பிக்க வேண்டும் என்ற நியாயம் போரைச் சார்ந்து நிற்பதல்ல.

இதே கரைக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபங்களிலும் இந்த நியாயம் வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த முத்துக்குளிப்புகளில், எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் மூன்றில் இரண்டு அரசுக்கும் போயின. அதற்கு முந்திய நூற்றாண்டில் சுறாவை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட கடல்கட்டி ஒருவரையும் அரசே அமர்த்திக் கூலி கொடுத்து வந்தது. மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதா என்பது இங்கே பொருளல்ல. குளிப்பவர் அச்சமில்லாமல் இறங்கினால்தான் சிப்பி மேலே வரும். பெரும்பங்கு எடுப்பவரே அந்தப் பாதுகாப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்பதை அன்றைய ஆட்சியாளர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

இனி உடப்புக்கு வருவோம். தமிழ் இந்துக்கள் வாழும் இந்தக் கடலோரக் கிராமத்தைப் பலர் திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதியால் அறிவார்கள். தொழில் அறிந்தவர்கள் கரைவலையால் அறிவார்கள். வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. வலை வளைக்கும் கரைப்பகுதிக்குப் பாடு என்று பெயர். மீனின் நடமாட்டத்தைக் கணித்து, எப்போது வலை விடுவது என்று சொல்லி, இழுப்பை நடத்துபவர் மண்டாடி. தோணி கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை விட்டுத் திரும்பியதும், இரண்டு பக்கக் கயிறுகளையும் இரண்டு அணியினர் அம்பா பாடிக்கொண்டு இழுக்கிறார்கள். அணிகள் மெல்ல மெல்ல நெருங்கிவர, கடைசியில் மீன் சேரும் பையான மடி கரையேறுகிறது. செலவு போக மிஞ்சியது சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகிறது. எந்த விகிதத்தில் என்பது கரைக்குக் கரை மாறும்.

முதன்முதலாக அந்த வரிசையில் வந்து நிற்கும் பையனை எண்ணிப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி உடம்பைப் பின்னே சாய்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. கையால் இழுத்துக் கைத்தோலை உரித்துக்கொள்வான். அம்பாவின் எந்த அடியில் எல்லோரும் சேர்ந்து பலம் கொடுக்கிறார்கள் என்பது பிடிபடச் சில நாள் ஆகும். அதுவரை அவனுடைய இழுப்பு மற்றவர்களுக்குச் சற்றுப் பாரம்தான். அவனுக்கு முழுப் பங்கு கிடைக்காது. பெரியவர்களுக்குக் கிடைப்பதிலும் குறைவாகவே கிடைக்கும். அதில் அநியாயம் இல்லை. ஆனால் கயிறு பிடிக்க விட்டதற்காக அவன் சம்மாட்டியிடம் காசு கட்ட வேண்டும் என்று அந்தக் கரையில் ஒருவர் சொன்னால், கேட்பவர்களுக்கு அது விளங்கவே விளங்காது. வலை நகர்வதில் அவனுடைய பலமும் இருக்கிறது. பலம் இருக்கும் இடத்தில் பங்கும் இருக்கும்.

மண்டாடியின் கல்வியையும் பார்க்க வேண்டும். நீரின் நிறத்தையும் பறவையின் சுற்றலையும் பார்த்து மீன் கூட்டத்தை அறிவது பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. இளம் மண்டாடி பிழையாகக் கணித்தால் மடி வெறுமையாக வரும். அந்த வெறும் வலையின் நட்டத்தைச் சம்மாட்டியும் இழுத்தவர்களும் சேர்ந்து தாங்குகிறார்கள். ஒரு நல்ல மண்டாடி உருவாகும் செலவைத் தொழில் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. அவரால் பின்னர் வரும் வருமானத்தையும் தொழில் முழுவதும் பகிர்ந்துகொள்ளப்போகிறது அல்லவா.

மறுதரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வதே நேர்மை. அதன் மிகச் சிறந்த வடிவம் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் கிடைக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படும் திறனை அந்த நிறுவனம் கற்பிக்கும். எங்கும் விலைபோகும் திறனுக்கான செலவைக் கற்பவரே ஏற்பார், ஏனெனில் அதன் பலனைக் கூடிய சம்பளமாக எடுத்துக்கொண்டு அவர் எங்கும் போகலாம் என்கிறார் அவர். ஏ320 தகுதி எங்கும் செல்லுபடியாவது. நிறுவனம் பெருந்தொகை செலவழித்துக் கற்பித்த மறு ஆண்டே வளைகுடா நிறுவனம் ஒன்று இரட்டிப்புச் சம்பளம் கொடுத்து அவரைக் கொண்டுபோனால், கற்பித்தவருக்கு என்ன மிச்சம்? இது கற்பனைப் பயம் அல்ல. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். அந்த நிறுவனம் அரசுடையது. அதன் நட்டம் உடப்பில் கயிறு இழுப்பவர் கட்டும் வரியிலும் வந்து விழுகிறது.

இந்த வாதம் ஒரு சந்தையை மனதில் கொண்டு சொல்லப்பட்டது. எண்ணற்ற நிறுவனங்கள், தடையில்லாத இடமாற்றம், திறனுக்கு ஏற்பத் துல்லியமாக ஏறும் சம்பளம் ஆகியவை அந்தச் சந்தையின் இலக்கணம். இலங்கைக் கொடியின் கீழ் ஜெட்டில் பயணிகளை ஏற்றும் நிறுவனங்கள் ஸ்ரீலங்கன், ஃபிட்ஸ்எயார் என்று இரண்டே. இரண்டும் ஓட்டுவது எயார்பஸ். கடன் வாங்கி போயிங் 737 தகுதி எடுத்து வந்தவருக்குத் தாய்நாட்டில் கதவே இல்லை. பெக்கருக்குப் பின் வந்த டாரொன் அசெமோக்லுவும் யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேயும் ஜேர்மனியின் தொழிற்பயிற்சி முறையை ஆராய்ந்து, 1990களின் இறுதியில் இதற்கு விடை தந்தார்கள். எங்கும் செல்லுபடியாகும் திறனையும் ஜேர்மன் நிறுவனங்கள் தம் செலவிலேயே கற்பித்தன. வேலை மாறுவது எளிதல்லாத இடத்தில், திறன் ஏறும் அளவுக்குச் சம்பளம் ஏறாது. அந்த இடைவெளி நிறுவனத்தின் ஆதாயமாகிறது என்பது அவர்கள் காட்டிய காரணம். பல விமான நிறுவனங்களில் பதவி உயர்வு சேவை மூப்பைப் பொறுத்தே வருகிறது. வேறிடம் போகும் துணை விமானி வரிசையின் அடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இவ்வளவு பலமாகக் கட்டிவைக்கும் துறை, விமானிகள் சுதந்திரப் பறவைகள் என்று சொல்லிப் பயிற்சிச் செலவைக் கைகழுவுவது பொருந்தாது.

ஆபத்தைத் தாங்கும் வலுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுவனம் நூறு பேரைப் பயிற்றுகிறது. ஐந்து பேர் தேறாவிட்டாலும் பத்துப் பேர் விலகிப்போனாலும் தாங்கும். ஓர் இளைஞன் தன் குடும்பக் காணி முழுவதையும் ஒரே விமான வகையின் மேல் வைக்கிறான். இந்தியாவின் ஜெட் எயர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் திகதி பறப்பதை நிறுத்தியது. நிறுவனம் மூழ்கினாலும் பயிற்சிக்காக வாங்கிய வங்கிக் கடன் விமானியின் பெயரில் மிதந்துகொண்டுதான் இருக்கும்.

மூன்றாம் கட்டத்துக்குத் திரும்புகிறேன். உலகின் சில நிறுவனங்கள் டைப் ரேட்டிங்குக்குக் கட்டணம் வாங்கியதோடு நிற்கவில்லை. பயணிகள் இருக்கும் விமானத்தின் வலது இருக்கையையே மணிக்கணக்குக்கு விற்றன. காசு கட்டியவர் சில நூறு மணி நேரம் துணை விமானியாகப் பறப்பார். நேரம் முடிந்ததும் அடுத்து கட்டியவருக்கு இருக்கை போகும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் 6,000க்கு மேற்பட்ட ஐரோப்பிய விமானிகளிடம் கேட்டறிந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஆறில் ஒருவருக்கு மேல் நிறுவனத்தோடு நேரடி வேலை ஒப்பந்தம் இல்லாமல் பறப்பதையும், இளையவர்களிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல் என்பதையும் காட்டியது. காசு கொடுத்துப் பறக்கும் வழக்கத்தையும் அது எடுத்துப் பேசியது.

2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் எயார் 3407ஆம் இலக்க விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் இழப்பதை எச்சரிக்கும் கருவி அதிர்ந்தபோது, கப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார் என்பது விசாரணை முடிவு. அந்தக் கப்டன் தம் தொழிலைத் தொடங்கியது காசு கட்டி வலது இருக்கையில் பறக்கும் திட்டம் ஒன்றில். காசு கட்டியதால்தான் விமானம் விழுந்தது என்று நான் சொல்லவில்லை, விசாரணையும் சொல்லவில்லை. நான் கேட்பது இதுதான்: இருக்கைக்கு விலை கட்டியவரை, இவர் இன்னும் தேறவில்லை என்று திருப்பி அனுப்ப, அந்த விலையால் பிழைக்கும் நிறுவனத்துக்கு மனம் வருமா? சம்பளம் கொடுத்துப் பயிற்றும் நிறுவனத்துக்குத் தகுதியற்றவர் நட்டம். கட்டணம் வாங்கிப் பயிற்றும் நிறுவனத்துக்கு அவர் வருமானம். பரீட்சகர்கள் நேர்மையாளர்களாக இருக்கலாம், பெரும்பாலும் இருக்கிறார்கள். ஆனாலும் பயணிகளின் உயிரை அவர்களுடைய தனிப்பட்ட நேர்மையின் மேல் மட்டும் நிறுத்திவைப்பது சரியான ஏற்பாடு இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கா, துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று 2013இல் விதித்தது. மணி கூடியது, அந்த மணிகளுக்கான செலவு மறுபடியும் இளைஞர்களின் தலையிலேயே விழுந்தது.

இந்தக் கரையின் மக்களுக்கு வேலைக்கு முன்னரே காசு கட்டுவது புதிதல்ல. வீட்டுப் பணிக்குக் குவைத் போகும் பெண்ணிடம் மருத்துவச் சோதனைக்கு, பயிற்சிக்கு, கடவுச்சீட்டுக்கு, தரகருக்கு என்று வாங்கிய காலம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சர்வதேச தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் இலக்கச் சமவாயம், தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று பொதுவிதி வகுத்தது. அதே அமைப்பின் நிபுணர்கள் 2018இல் ஏற்றுக்கொண்ட வரையறை, வேலையில் சேர்வதற்குத் தேவைப்படும் பயிற்சியின் செலவையும் தொழிலாளர் மேல் சுமத்தக் கூடாதவற்றில் சேர்த்தது. கல்வீட்டுக் கனவோடு விமானம் ஏறும் பெண்ணுக்கு உலகம் ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை, அதே விமானத்தை ஓட்டுபவருக்கு மறுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. விமானி நல்ல சம்பளம் வாங்கப்போகிறவர் என்பார்கள். சம்பளம் வரப்போவது பின்னால். காசு கேட்கப்படுவது முன்னால். இடையில் இருக்கும் வருடங்களைக் கடக்க வசதியுள்ளவர்களே கடக்கிறார்கள்.

நிறுவனம் செலவழித்தால் விமானியைச் சில காலம் கட்டிவைக்க அதற்கு உரிமை உண்டு. பிணை ஒப்பந்தத்தை நான் எதிர்க்கவில்லை. அதன் ஆபத்தையும் கரைவலைதான் காட்டித் தருகிறது. பருவத்துக்கு முன் சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். வாங்கியவர் அந்தப் பருவம் முழுவதும் அவருடைய கயிற்றில்தான் நிற்க வேண்டும். மீன் படாத ஆண்டில் கடன் தீராது, அடுத்த பருவத்துக்கு உருளும், மகள் கல்யாணத்துக்கு இன்னொரு முற்பணம் அதன் மேல் ஏறும். இப்படி ஒரே சம்மாட்டியின் கரையில் வயது முதிர்ந்தவர்கள் உண்டு. ஆகவே பிணைத் தொகை பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவுக்கு மேல் போகக் கூடாது. வட்டி இருக்கக் கூடாது. பறக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைந்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் தானாகத் தீர வேண்டும். நிறுவனமே ஆளை நிறுத்தினாலோ, பறப்பதை நிறுத்திக்கொண்டாலோ மிச்சம் முழுவதும் அன்றே அழிய வேண்டும். உடல்நலக் காரணத்தால் மருத்துவச் சான்றிதழை இழப்பவருக்கும் அப்படியே. விமானி தாமாக விலகி வேறிடம் போனால், எஞ்சிய தொகையைப் புதிய நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். பயிற்சியின் பயனை எடுத்துக்கொள்வது அந்த நிறுவனம்தானே.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. நெடுங்காலம் இளைஞர்களின் கடனில் பயிற்சி நடந்த பிரித்தானியாவிலேயே, பிரிட்டிஷ் எயர்வேஸ் 2023இல் ஒரு பயிற்சித் திட்டத்தை அறிவித்தது. தெரிவாகும் ஒவ்வொருவருக்கும் சுமார் 100,000 பவுண் வரையான செலவை, உரிமம் முதற்கொண்டு, நிறுவனமே ஏற்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இந்தத் தொழில் எட்டுகிறது என்ற குறையைப் போக்குவதையும் அது காரணமாகச் சொன்னது.

இலங்கையில் இந்தக் குறை இன்னும் கூர்மையானது. 1945 முதல் இலவசக் கல்வி நடக்கும் நாடு இது. உடப்பில் ஒரு சம்மாட்டியின் பேத்திக்கும், அவருக்குக் கயிறு இழுப்பவரின் மகளுக்கும் மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வரும் வழி ஒன்றேதான்: உயர்தரத்தில் புள்ளி எடுத்தால் போதும். விமானியாகும் வழியில், விமானப்படையைத் தவிர, இருவரும் முதல் படியிலேயே பிரிந்துவிடுகிறார்கள். உரிமத்துக்கே கோடிக்கணக்கு. அதற்கு மேல் டைப் ரேட்டிங். கடல் காற்றையும் மேகத்தையும் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து இந்த நாடு ஒரு விமானியையும் எடுக்காமல் விடுவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

உரிமத்தின் செலவுக்கும் அரசு வங்கிகள் வழியாகச் சலுகைக் கடனும் தகுதியடிப்படையிலான உதவிப்பணமும் வேண்டும்; அது தனியே எழுத வேண்டிய பொருள். இங்கே எடுத்துக்கொண்ட ஜெட் பயிற்சியைப் பொறுத்தவரை இலங்கை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் கேட்பது மூன்று. இங்கு பதிவான எந்த நிறுவனமும் புதிய விமானியிடம் டைப் ரேட்டிங்குக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பயணிகளோடு பறக்கும் பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் கொடுத்ததற்கான சான்று, நிறுவனத்தின் வருடாந்த ஆய்வில் சேர வேண்டும். பிணை ஒப்பந்தங்களுக்கு அதிகாரசபை ஒரு மாதிரிப் படிவம் வகுக்க வேண்டும்.

அதுவரை புத்தளத்திலோ சிலாபத்திலோ பிள்ளையை விமானியாக்கப் புறப்படும் பெற்றோருக்கு: காணி உறுதியை அடகு வைக்கும் முன் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை எடுத்துவிடுங்கள், நிறக்குருடு போன்ற ஒரு குறை இருந்தால் அது பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும். பயிற்சி நிலையம் வேலை உண்டு என்று சொன்னால், எந்த நிறுவனத்தில், எந்த விமானத்தில், எந்தத் திகதியிலிருந்து, என்ன சம்பளத்தில் என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், டைப் ரேட்டிங்குக்கு ஒரு ரூபாவும் கட்டாதீர்கள்.